கிழிசலும் கண்ணியமும்

“கிழிந்ததைத் தைத்து உடுத்தினோம் நாங்கள், தைத்ததைக் கிழித்து உடுத்துகிறீர்கள் நீங்கள்!” — முழங்காலிலே வெடிப்பும் தொடையிலே நைவுமாக ஜீன்ஸ் அணிந்து வரும் இளைஞனைக் கண்டதும் வீட்டுப் பெரியவர் வீசிடும் சொல் இது. இளைஞன் விடுகிறானா? “உடல் என்னுடையது, உடை என்னுடையது, கண் மட்டுந்தானே உங்களுடையது? திருப்பிக் கொள்ளுங்கள்!” என்கிறான். பெரியவருக்குச் சினம், இளைஞனுக்குச் சிரிப்பு. இருவரும் பேசியது ஒரே ஓட்டையைப் பற்றித்தான். ஆனால் அந்த ஓட்டைக்குள்ளே அழகு, ஒழுக்கம், வறுமை, வாணிபம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. பிரித்தெடுத்துப் பார்த்தாலன்றி, யார் பக்கம் நியாயம் என்று கூறுவது எங்ஙனம்?

இந்த ஆடையின் பிறப்பே ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் ரீனோ நகரத்துத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும், சான்பிரான்சிஸ்கோவின் துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20-ஆம் நாள் காப்புரிமை ஒன்றைப் பெற்றனர். எதற்கு? உழைப்பாளியின் கால்சட்டைப் பை எளிதிலே கிழிந்துவிடாதபடி, தையல் முனைகளில் செம்பு ரிவெட்டுகளை அடித்து இறுக்கும் முறைக்கு! கிழியாமை ஒன்றையே பெருமையாகக் கொண்டு பிறந்த ஆடை, இன்று கிழிந்திருப்பதாலேயே கூடுதல் விலைக்குப் போகிறது. பாவு நூலுக்கு நீலச் சாயம் ஏற்றி, ஊடை நூலை வெள்ளையாகவே விட்டு நெய்யப்படும் துணி அது. பாவை அறுத்துவிட்டு ஊடையை மட்டும் விட்டுவைத்தால், முழங்காலின் குறுக்கே வெள்ளை நூல்கள் ஏணிப்படிபோல் தொங்கும். அதையே சிலர் அழகு என்கின்றனர்.

எனக்கு அது அழகாகத் தோன்றவில்லை. நெசவாளியின் உழைப்பை நகத்தால் கீறியதுபோலத் தோன்றுகிறது. ஆனால், எனக்குத் தோன்றுவது எனக்குத்தானே! சுவையைப் பற்றி வழக்காடிப் பயனில்லை என்பது இலத்தீனில் வழங்கும் முதுமொழி. ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம், 1757-இல் சுவை பற்றி எழுதியபோது அதை முழுவதும் ஒப்பவில்லை. பயிற்சியும் ஒப்புநோக்கும் விருப்புவெறுப்பற்ற மனமும் உடையோர் கூறும் தீர்ப்புக்கு மதிப்புண்டு என்றார். இருக்கட்டும். வெட்டு சரியா, தையல் செம்மையா, நிறம் பொருந்துகிறதா என்று தேர்ந்தவர் சொல்லட்டும், கேட்போம். ஆனால் “இந்த ஆடை அழகற்றது” என்ற இடத்திலிருந்து “இதை அணிந்தவள் ஒழுக்கமற்றவள்” என்ற இடத்துக்குத் தாவிட எந்தத் தேர்ச்சியும் எவருக்கும் உரிமை தருவதில்லை. இரண்டுக்கும் இடையே பாலமே கிடையாது.

அந்தத் தாவலைத்தான் 2021 மார்ச்சில் கண்டோம். உத்தரகண்ட் முதலமைச்சராகப் பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த தீரத் சிங் ராவத், டேராடூனில் நடந்த பயிலரங்கிலே பேசினார். விமானத்தில் தாம் கண்ட ஒரு தாயின் கிழிந்த ஜீன்ஸைக் குறிப்பிட்டு, இத்தகையவர் பிள்ளைகளுக்கு என்ன பண்பாட்டைக் கற்பிப்பார் என்று கேட்டார். முழங்கால் தெரிந்ததாம், பண்பாடு போயிற்றாம்! அந்தத் தாய் சமூகத் தொண்டு நிறுவனம் நடத்துபவர் என்பதை அவரே கூறினார்; அந்தத் தொண்டு எத்தகையது என்பதில் அவர் நாட்டம் செல்லவில்லை, முழங்காலில் சென்றது. நாடெங்கும் பெண்கள் கிழிந்த ஜீன்ஸுடன் தங்கள் படங்களை வெளியிட்டு விடையளித்தனர். பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார்.

அவர் ஆடவன் ஒருவனின் கிழிசலைக் கண்டிருந்தால், பிள்ளை வளர்ப்பைப் பற்றிய ஐயம் அவருக்கு எழுந்திருக்குமா? எழுந்திராது. ஆகவே அங்கே எடைபோடப்பட்டது துணியல்ல, பெண்.

பெண்ணின் உடையைப் பிறர் அளந்து கொடுத்த கதை நமக்குப் புதிதுமல்ல. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த நாளில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைப்பதற்கே பல்லாண்டு போராடினர். சந்தையிலே சேலை கிழிக்கப்பட்டது, கலகம் மூண்டது. 1859 சூலை 26-இல் அரசாணை பிறந்தது. மறைத்துக் கொள்ளலாம் என்றது ஆணை; ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் மட்டும் அணியக் கூடாதென்று ஒரு முடிச்சும் போட்டது! அன்று மறைத்தது குற்றம். இன்று மறைக்காதது குற்றம். குற்றம் மாறிற்று, குற்றம் சாட்டும் விரல் மாறிற்றா?

அதே 1859-இல்தான் லண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில் உரிமையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு விளைந்தாலன்றி ஒருவர் வாழ்வில் சமூகம் வலிந்து தலையிடக் கூடாது என்பது அந்நூலின் சாரம். (மில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர், அந்த உரிமை இந்தியருக்கு இப்போது பொருந்தாது என்றும் கருதியவர். அந்த வழக்கை வேறொரு நாள் தொடுப்போம்.) முழங்காலைக் கண்டு முகஞ்சுளிப்பது தீங்கு ஆகாது. ஆகுமென்றால், மனிதன் மனிதனைப் பார்ப்பதே தீங்காகிவிடும்.

இத்துடன் இளைஞன் வெற்றிச் சிரிப்புச் சிரித்து எழுந்துவிடலாமா? பொறுக்கட்டும். பெரியவர் கூற்றிலே இன்னொன்று இருக்கிறது. அது அத்தனை எளிதிலே தள்ளக் கூடியதன்று.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். இருந்தது ஒரே சட்டை. முதுகிலே கிழிந்தபோது, பள்ளியில் சுவரோரம் சாய்ந்தே நின்று மறைத்தார். ஊசியும் நூலும் அவருக்கு மானத்தின் காவல். தன் மகனுக்காவது முழு ஆடை கிடைக்கவேண்டுமென்று முதுகொடிய உழைத்தார். மகனோ முழு விலை கொடுத்து அரை ஆடை வாங்கி வருகிறான். அந்த நெஞ்சிலே எழும் வலியைப் “பழைமை” என்று முத்திரையிட்டு ஒதுக்குபவன், பகுத்தறிவாளனல்லன், பரிவற்றவன்.

ஆனால் அந்த வலியின் வேர் எங்கே? பேரங்காடியின் வாயிலிலே காவலர் நிற்கிறார். மூவாயிரம் ரூபாய்க் கிழிசல் வருகிறது. வணக்கம் கூறிக் கதவைத் திறக்கிறார். உழைத்து உழைத்துத் தேய்ந்த கிழிசல் வருகிறது, “எங்கே போகிறாய்?” என்று தடுக்கிறார். ஓட்டை இரண்டும் ஒரே அளவுதான். மதிப்பு துணியிலே இல்லை, துணிக்குப் பின்னே இருக்கும் பணப்பையிலே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கிட எந்தப் பேராசிரியரால் முடியும்? பெரியவரை அன்று சுவரோரம் நிறுத்தியதும் இந்தப் பார்வைதான். இளைஞன் நாளையே முழு ஜீன்ஸ் அணிந்தாலும் அந்தப் பார்வை திருந்தப்போவதில்லை. எனவே அவன் ஆடையைத் தடுத்துப் பயனில்லை. ஆனால் கிழிசலுக்குள் தான் தேடிக்கொண்ட துணிவு, வேறு வழியின்றிக் கிழிசலில் இருப்பவனுக்கு இல்லை என்பது அவன் நெஞ்சில் உறைக்கவேண்டும். கந்தல் கட்டியவனை வாயிலிலே தடுக்கும்போது தானும் நின்று ஏனென்று கேட்கிறானா?

“இது என் தனிச்சுவை” என்கிறானே, அதையும் சற்று உரசிப் பார்ப்போம். 1970-களில் லண்டன் மாநகரத்து பங்க் இளைஞர் உடையைக் கிழித்தனர், ஊசிப்பின்னால் கோத்தனர். ஒழுங்கு பேசிய உலகத்துக்குச் சினமூட்டுவதே அவர்கள் நோக்கம். சில ஆண்டுகளுக்குள் அந்தச் சினத்தையே கடைக்காரர் மடித்துவைத்து விற்கத் தொடங்கினார். இன்றோ, எந்த இடத்தில் எத்தனை அங்குலம் கிழியவேண்டும் என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது. ஆயிரம் கால்களில் ஒரே இடத்தில் ஒரே ஓட்டை! தானே கிழித்துக்கொண்டவனைத் தனிச்சுவை உடையவன் என்பேன். மற்றவன் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லட்டும்.

இனி, சுவை என்ற வேலியைத் தாண்டி அறம் உண்மையாகவே நுழையவேண்டிய இடம். ஜீன்ஸை நைந்ததுபோல் வெளிறச் செய்ய, அழுத்தக் காற்றுடன் மணலை அதன்மேல் பீய்ச்சும் முறை இருந்தது. மணலிலுள்ள சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து, தழும்பாக இறுகி, மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைத் தீர்க்கும் மருந்தில்லை. சுரங்கத்திலும் கல்லுடைப்பிலும் வெகுகாலமாக அறியப்பட்ட நோய், துருக்கியின் சிறு பட்டறைகளில் ஜீன்ஸ் வெளுத்த இளைஞரிடம் காணப்பட்டது, மருத்துவர்கள் பதிவு செய்தனர், இறந்தோரும் உண்டு. 2009-இல் துருக்கி அரசு ஜீன்ஸுக்கு மணல் பீய்ச்சுவதைத் தடைசெய்தது. 2010-இல் லீவைஸும் எச் அண்ட் எம்மும் அம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. இன்று லேசர் ஒளியாலும் அதே தோற்றத்தைச் செய்கின்றனர். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தெளித்து வெளுப்பதும் உண்டு. முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாவிடில் தெளிப்பவரின் மூச்சுக்கு அதுவும் பகை.

பெரியவர் காட்டும் முழங்காலைவிட, இளைஞர் காட்டும் உரிமையைவிட, இந்த மூச்சு பெரிதல்லவா? தோழர்களே, கடையில் அந்த ஆடையைப் புரட்டிப் பாருங்கள். நூல் இன்னதென்று எழுதியிருக்கும். தைத்த நாட்டின் பெயரும் இருக்கும். எப்படித் துவைக்கவேண்டும் என்ற அறிவுரைகூட இருக்கும். அந்த வெளிறலை உண்டாக்கிய முறையும், உண்டாக்கியவர் முகத்தில் கவசம் இருந்ததா என்பதும் எழுதப்பட்டிருப்பதில்லை. கடைக்காரரைக் கேளுங்கள். அவர் அறியாராயின், ஆடையில் பெயர் பொறித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.