பார்க்க ஆசை இருந்தால் போதுமா?

'சாவதற்குள் பார்க்க வேண்டிய நூறு இடங்கள்' என்ற பட்டியலைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு ஒன்று வந்துவிடும். அங்கோர் வாட், போரோபுடூர், மச்சு பிச்சு, தாஜ்மஹால். என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் அதை அச்சடித்து விடுதி அறைச் சுவரில் ஒட்டி, போய்வந்த இடத்துக்கெல்லாம் பேனாவால் 'டிக்' போட்டு வருகிறார்கள். மலிவு விமானங்கள் வந்த பிறகு கோலாலம்பூரிலிருந்து சியாம் ரியாப் போவது, பெருநாள் நேரத்தில் ஜொகூருக்குக் காரில் போவதைவிடச் சுலபமாகிவிட்டது. நல்லதுதான். முருகன் மயிலேறி உலகைச் சுற்றியதை யாரும் குறை சொன்னதில்லை. பழம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அதைப் பார்க்கும் உரிமையைத் தந்துவிடுமா? இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் கேட்டபோது ஓர் அண்ணன் சிரித்துவிட்டார். "காசு கட்டி டிக்கெட் வாங்குறோம், அப்புறம் என்ன தம்பி உரிமை, கடமைன்னு?" என்றார். அது தட்டிக்கழிக்கக்கூடிய பதில் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'உலகப் பாரம்பரியத் தளம்' என்ற எண்ணம் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். எகிப்தில் அஸ்வான் உயர் அணை கட்டியபோது, மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான அபு சிம்பெல் கோயில்கள் நீரில் மூழ்கவிருந்தன. 1964 முதல் 1968 வரை அவற்றைப் பாளம் பாளமாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய் மறுபடியும் அடுக்கினார்கள். பல நாடுகள் பணம் கொடுத்தன. பொறியியல் படிக்கிற எவனும் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் வாய் பிளந்துதான் நிற்பான். அந்த அனுபவம்தான் 1972-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கைக்கு வழிவிட்டது. சில செல்வங்கள் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல, மனித குலம் முழுவதற்கும் சொந்தம் என்றது அது. 'எல்லாருக்கும் சொந்தம், ஆகவே எல்லாரும் காக்க வேண்டும்' என்பதுதான் அங்கே பொருள். நாம் அதை 'எல்லாருக்கும் சொந்தம், ஆகவே நான் போய்ப் பார்ப்பேன்' என்று மாற்றிவிட்டோம். இந்த மாற்றம் எப்போது நடந்தது என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பார்ப்பதால் என்ன கெட்டுவிடும்? பிரான்சில் லாஸ்கோ என்ற குகை இருக்கிறது. 1940-இல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். சுவரெல்லாம் காளை, குதிரை, மான். வரைந்து சுமார் 17,000 ஆண்டுகள் இருக்கும். 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் யாரும் சுவரில் பெயர் கீறவில்லை, எதையும் திருடவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். அந்த மூச்சின் ஈரமும் வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் குகையை மூடிவிட்டார்கள். இன்று போகிறவர்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகல் குகைகளை.

இதில் குற்றவாளி யார்? ஒருவரும் இல்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. நமக்குத் தெரிந்த பாவ புண்ணியக் கணக்கில் ஒரு செயல், ஒரு செய்தவன், ஒரு பாதிப்பு இருக்கும். இங்கே பாதிப்பு மட்டும் இருக்கிறது. "நான் ஒருத்தன் போறதால என்ன ஆகிடப் போகுது?" என்பதற்கு நேர்மையான பதில், ஒன்றும் ஆகாது என்பதுதான். ஆனால் பாலம் கட்டும்போது யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு தனி மனிதனின் எடையை எடுத்துக்கொண்டு 'தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். ஒரு சதுர மீட்டரில் நெருக்கமாக நிற்கும் கூட்டம் எவ்வளவு கனக்கும் என்றுதான் பார்ப்பார்கள். கடைசியாக ஏறியவன் பாலத்தை உடைப்பதில்லை, ஏறிய எல்லாரும் சேர்ந்து உடைக்கிறார்கள். ஆகவே 'என் ஒரு காலடி என்ன செய்யும்' என்பது தப்பான கேள்வி. 'மொத்தத்தில் என் பங்கு எவ்வளவு' என்று கேட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

இப்போது நம் மனசுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். இந்து இளைஞர்களாகிய நமக்கு அங்கோர் வாட் சாதாரணச் சுற்றுலாத் தளம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. கிழக்கு மண்டபச் சுவரில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. அதன் முன்னால் நின்றால் பாட்டி சொன்ன கதை கல்லில் நடப்பதுபோல் இருக்கும். அதனால் அங்கே போகிற நம்மவர் வாயில் முதலில் வரும் சொல், "இது நம்ம கோயில்."

அந்த உணர்ச்சியை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று யோசித்தோமா? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டியவர் தமிழ் மன்னர் என்று வாட்சாப்பில் சுற்றும் செய்தி பொய். சூரியவர்மன் கெமர் மன்னர். கெமர் எழுத்துக்கு மூலம் பல்லவ எழுத்து என்பது உண்மை, அதில் பெருமைப்படலாம். ஆனால் எழுத்துக் கொடுத்தவர் வீட்டுக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அடுத்து, அந்தக் கோயில் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், பிற்பாடு அங்கே வழிபட்ட பௌத்தத் துறவிகள் அதை முழுசாகக் கைவிடாததுதான். மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு நிற்கும் விஷ்ணுவை ஊர் மக்கள் 'தா ரியாச்' என்று அழைத்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். "நம்ம பெருமாளை இப்படி மாத்திட்டாங்களே" என்று அங்கலாய்க்கிற பெரியவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மாற்றமாகத் தெரியவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சிலைக்கு முன்னால் யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். நாம் நிற்கவில்லை.

சரி, 'நம்ம கோயில்' என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டுச் செலவிலும் நமக்குப் பங்கு வர வேண்டும் அல்லவா? அங்கோர் கோயில்கள் மணல் நிரப்பிய அடித்தளத்தின்மேல் நிற்பவை. அந்த மணல் ஈரமாக இருக்கும்வரை பலமாக இருக்கும். நிலத்தடி நீர் இறங்கி, மணல் காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்தால் தரை அமுங்கத் தொடங்கும், மேலே இருக்கும் கல் விரிசல் விடும். 2018-இல் மட்டும் 25 லட்சத்துக்கும் மேலான வெளிநாட்டவர் அங்கோருக்கு வந்தார்கள். அவர்கள் தங்கிய ஹோட்டல்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதைப் பற்றி நிபுணர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு நடந்தவரும், இரவு அறைக்குப் போய் அரை மணி நேரம் ஷவரில் நின்றால் அதே கோயிலின் காலடியைத்தான் அசைக்கிறார். இதைவிடச் சங்கடமான இன்னொரு விஷயம்: அண்மை ஆண்டுகளில் அங்கோர் வளாகத்தில் வாழ்ந்த சுமார் 10,000 குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றும் திட்டம் நடந்தது. எல்லாரும் விரும்பித்தான் போகிறார்கள் என்றது அரசு. கட்டாயம் இருந்தது என்று அம்னெஸ்டி அமைப்பு 2023-இல் அறிக்கை விட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறச் சொன்ன நோட்டீஸைத் தாத்தா காலத்தில் வாங்கிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தக் கோயிலை 'நம்ம' என்று சொல்கிறவர்கள், அந்த மக்களையும் 'நம்ம' என்று சொல்லத் தயாரா?

சில இடங்களில் வீட்டுக்காரரே 'வேண்டாம்' என்கிறார். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏறாதீர்கள் என்று அனங்கு மக்கள் பல்லாண்டு கேட்டுக்கொண்டார்கள். 2019 அக்டோபர் 26 முதல் தடை என்று அறிவித்ததும் என்ன நடந்தது தெரியுமா? மூடுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நீண்ட வரிசை. நம் சபாவில் கினபாலு மலை, கடசான்-டுசுன் மக்களுக்கு இறந்தவர்களின் ஆன்மா தங்கும் இடம். 2015-இல் அதன் மேல் நிர்வாணமாகப் படம் எடுத்துக்கொண்ட சுற்றுப்பயணிகளை நாம் எல்லாரும் திட்டினோம். சரியாகத்தான் திட்டினோம்.

நம் மரபில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். பெரியபுராணத்திலேயே கிடைத்தது. அப்பர் கயிலாயத்தைப் பார்த்தே தீருவேன் என்று போகிறார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் போகிறார். அவரைவிட ஆசை யாருக்கு இருக்க முடியும்? இந்த உடம்போடு முடியாது என்று திருப்பி அனுப்புகிறார் இறைவன். திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கிடைக்கிறது. காரைக்கால் அம்மையாரோ கயிலாயத்துக்கே போய்ச் சேர்கிறார், ஆனால் அந்த மண்ணைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடக்கிறார். சின்ன வயசில் தேவார வகுப்பில் கேட்டபோது இது எனக்கு வெறும் அதிசயக் கதை. இப்போது பார்த்தால், போய்ச் சேர்வதும் மிதிப்பதும் வேறு வேறு என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்கிறது. போரோபுடூரில் இன்று அதையே நிர்வாக விதியாக வைத்திருக்கிறார்கள். மேலே ஏற நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்குத்தான் அனுமதி, கல் தேயாமல் இருக்கத் தனிச் செருப்பு கொடுக்கிறார்கள்.

அங்கே 2022-இல் இன்னொரு யோசனையும் வந்தது. ஏறுவதற்கு வெளிநாட்டவருக்கு 100 அமெரிக்க டாலர் கட்டணம். எதிர்ப்பு கிளம்பி, தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தது நல்லது என்பேன். கூட்டத்தைப் பணத்தால் குறைத்தால், தேய்க்கும் உரிமை பணக்காரனுக்கு மட்டும் மிஞ்சும். பிடிபிடிஎன் கடனில் படிக்கிற நம்மைப்போன்றவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். எண்ணிக்கையை வரையறுத்து, முன்பதிவு வரிசையில் விடுவது எவ்வளவோ மேல். வரிசையில் டத்தோவும் மாணவனும் ஒன்று. கொள்கையளவிலாவது!

அப்படியென்றால் யாரும் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா? கூடாது. கெடாவைப் பாருங்கள். குனோங் ஜெராய் அடிவாரத்தில், நம் இலக்கியம் கடாரம் என்று சொல்லும் மண்ணில், லெம்பா புஜாங். அங்கே 2013-இல், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானதாகச் சொல்லப்பட்ட 11-ஆம் எண் சண்டியை, வீட்டுமனைத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துவிட்டார்கள். இடித்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. தினமும் பத்துப் பேர் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இயந்திரம் அவ்வளவு சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்குமா? லாஸ்கோவைக் கண்கள் கெடுத்தன. 11-ஆம் எண் சண்டியைக் கண்கள் இல்லாமை கெடுத்தது. இரண்டும் உண்மை. அதனால் 'பயணம் நல்லதா கெட்டதா' என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. எந்த இடத்துக்குக் கூட்டம் வேண்டும், எந்த இடத்துக்கு வேண்டாம் என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நாம் விருந்தாளியாக மட்டும் இல்லை, வீட்டுக்காரராகவும் இருக்கிறோம். பத்துமலை. 2018-இல் 272 படிகளுக்கு வண்ணம் பூசியபோது உலகமே வந்து படம் எடுத்தது. எனக்கும் அந்த வண்ணம் பிடிக்கும். ஆனால் பாரம்பரியத் துறையிடம் முறையாகக் கேட்காமல் பூசியது சர்ச்சையானது. இதையே கம்போடியாவில் செய்திருந்தால் நாம் விட்டிருப்போமா? படிக்குப் பக்கத்தில் இருக்கும் இருட்டுக் குகையில் ஒரு பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. பத்துமலையின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் தாங்கிய, மிகப் பழமையான வகை. தைப்பூசத்துக்கு ஆண்டு தவறாமல் போகிற நம்மில் எத்தனை பேருக்கு அதைத் தெரியும்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் செமஸ்டர் விடுமுறைக்கு இரண்டு திட்டம் வைத்து வாக்கெடுத்தோம். ஒன்று சியாம் ரியாப், இன்னொன்று கெடாவின் மெர்போக். சியாம் ரியாப் ஜெயித்தது. நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். மெர்போக்குக்கு மார்ச் மாதம் ஒரு வேன் பேசியிருக்கிறோம், இன்னும் நாலு இடம் காலி. சியாம் ரியாப்பில் மூன்று தங்கும் விடுதிகளுக்கு, உங்கள் தண்ணீர் குழாயிலிருந்து வருகிறதா, கிணற்றிலிருந்து வருகிறதா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம். அந்த அண்ணன்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். இதுவரை ஒன்றிலிருந்துதான் பதில் வந்திருக்கிறது.