சுடாத துப்பாக்கி

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு கோல்ட் ரிவால்வர் இருக்கிறது. 1853 வாக்கில் செய்தது. இரும்பில் செதுக்கிய கொடிக்கருக்கு, அதனிடையே பொன்னில் பதித்த ஜார்ஜ் வாஷிங்டனின் முகம். படத்தில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது ‘அடடா, என்ன அழகு!’ என்றுதான் நினைத்தேன். அது எதற்கான பொருள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சில நொடி இடைவெளிதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

சாமுவேல் கோல்ட்டின் பெருமையே இயந்திரம்தான். ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த அவருடைய தொழிற்சாலை ஒரே மாதிரியான துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. சாதாரண ரிவால்வரின் சிலிண்டரிலும் சித்திரம் உண்டு. 1851 நேவி மாடலில் ஒரு கடற்போர் இருக்கும். ஆனால் அது அச்சு உருளையை அழுத்தி உருட்டியது. எல்லாத் துப்பாக்கியிலும் அதே கப்பல், அதே அலை. கைவேலை அப்படியில்லை. ஒருவர் உட்கார்ந்து சிறு உளியால் கோடு கோடாக வெட்டியது. உளி சறுக்கினால் சறுக்கினதுதான். குஸ்தாவ் யங், நிம்ஷ்கே போன்றவர்களின் கையை, கொடி வளையும் விதத்தை வைத்தே அடையாளம் சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆயிரத்தில் ஒன்றாகப் பிறந்த பொருளுக்கு ஒரு மனிதக் கை தனி முகம் கொடுத்துவிடுகிறது. அந்த ஈர்ப்பு எனக்கும் புரிகிறது.

‘நான் வாங்குறது கலையைத்தான், ஆயுதத்தை இல்லை’ என்று ஒரு சேகரிப்பாளர் சொல்லலாம். இது ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்று பெருமையாகக் காட்டவும் செய்வார். சரி, குழலை அடைத்து, இனி சுடவே முடியாதபடி செய்துவிட்டால்? கொடியில் ஓர் இலைகூடக் குறையாது. ஆனாலும் அவர் மனசு உடைந்துவிடும், விலையும் விழுந்துவிடும். ஆக, அவர் கேட்பது இதுதான்: அது கொல்லக்கூடியதாக இருக்கணும், ஆனால் கொன்றிருக்கக் கூடாது.

கொன்றிருக்காவிட்டால் குற்றமில்லையா? நான் படத்தில் பார்த்த ரிவால்வரின் இணையை, துருக்கியின் சுல்தான் அப்துல்மெஜித்துக்குக் கோல்ட் பரிசாகக் கொடுத்தார். 1854இல் ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸுக்கும் பொன் பதித்த ரிவால்வர்களைக் கொடுத்தார். அப்போது அந்த இருவரும் கிரிமியப் போரில் எதிரெதிராக நின்றவர்கள். பொன் துப்பாக்கியால் அவர்கள் யாரையும் சுட வேண்டிய அவசியமே இல்லை. அரண்மனையில் அதற்கு வேறு வேலை இருந்தது. பொன் பதிக்காத துப்பாக்கிகளுக்கு வழி திறந்துவிடும் வேலை. சிப்பாய்களின் கைக்குப் போக வேண்டியவை அவைதான். அழகு அங்கே தரகு வேலை பார்த்தது.

இதையெல்லாம் யோசித்தபிறகு மறுபடி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது. உளி பிடித்தவரின் பொறுமையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘பாவம், அது யாரையும் சுட்டதில்லையே’ என்ற சமாதானத்தை மட்டும் இனி எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது.