முகவரின் குரலும் கேட்பவரின் உரிமையும்

ஓர் அரசு கட்டணம் பெறும் முகவர்களை அமர்த்தி, இன்னொரு நாட்டின் சட்டமன்றத்தையும் மக்கள் கருத்தையும் தனக்கு இசைவாகத் திருப்ப முயல்வதே வெளிநாட்டு லாபி எனப்படுகிறது. இதை முழுவதும் அறக்கேடு என ஒதுக்க இயலாது; படையெடுப்புக்கு ஆளான சிறிய நாடு வலிய நாட்டிடம் முறையிடுவதும், முறையிடத் தெரிந்தவர்களின் உதவியை விலைக்குப் பெறுவதும் குற்றமாகா. அறக்கேடு எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதே ஆராயத்தக்கது.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் படையெடுத்துப் புகுந்தது. அதன்பின் அமெரிக்காவில் தோன்றிய 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்னும் அமைப்பு, ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசின் பணத்தில் இயங்கி, ஹில் அண்ட் நோல்ட்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. அக்டோபர் 10 அன்று, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன், நயீரா என்று மட்டும் அறிவிக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி, ஈராக்கியப் படைவீரர்கள் மருத்துவமனையில் புகுந்து இன்குபேட்டரில் இருந்த சிசுக்களை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதாக அழுதபடி கூறினாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது கேட்டவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நிறுவனம் அக்காட்சியைப் படமெடுத்துத் தொலைக்காட்சிகளுக்கு வழங்கியது. அதிபர் புஷ் அக்கதையைப் பலமுறை எடுத்துரைத்தார். 1991 ஜனவரி 12 அன்று செனட் 52க்கு 47 என்ற வாக்குகளில் போருக்கு ஒப்புதல் தந்தது. போருக்குப் பின் விசாரித்தவர்களுக்கு அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் சான்று கிடைக்கவில்லை.

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் வகுத்த விலக்கு. குவைத்தின் முறையீடு நியாயமானதே என்றாலும், பல்லாயிரம் உயிர்களைப் பலிகொள்ளும் போரைக் குற்றமற்ற நன்மை என எவரும் துணிந்து கூறவியலாது. தம் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பவிருந்த பெற்றோருக்கு, பேசுவது யார், யார் பொருட்டுப் பேசுகிறார் என்று அறிந்து முடிவெடுக்கும் உரிமை இருந்தது; பறிக்கப்பட்டது அவ்வுரிமையே. குவைத்தில் மெய்யாகவே நிகழ்ந்த கொலைகளும் சித்திரவதைகளும்கூட, இப்பொய்யால் பின்னர் ஐயத்துக்கு உள்ளாயின என்பது இன்னும் கொடிது.

வெளிநாட்டு முகவர்கள் தம்மைப் பதிவு செய்து வரவு செலவை வெளியிட வேண்டும் என்ற சட்டம், நாஜிப் பிரசாரத்தைத் தடுக்கும் பொருட்டு 1938 முதலே அமெரிக்காவில் உண்டு. இவ்விவகாரத்திலும் கணக்குகள் முறைப்படி நீதித்துறையிடம் தாக்கல் செய்யப்பட்டன. ஆயினும் அலுவலகக் கோப்பில் கிடக்கும் தாள், சிறுமியின் கண்ணீரைத் திரையில் கண்டவர்களை எட்டவில்லை. ஆகவே பதிவு செய்ததை வெளிப்படை என்று கொள்வது தகாது. அச்சிறுமி யாருடைய மகள் என்ற செய்தி நாளிதழில் வெளிவந்தது 1992 ஜனவரியில். அப்போது போர் முடிந்து பத்து மாதங்கள் கடந்திருந்தன.