பறிக்காத மலர்

பெங்களூருவில் உள்ள லால்பாக் தோட்டத்திற்கு விடுமுறை நாட்களில் பலர் குடும்பத்துடன் வருகின்றனர். அங்கே ஒரு குழந்தை மலரைப் பறிக்கக் கை நீட்டுகிறது. 'பறிக்காதே, காவலாளி பார்க்கிறார்' என்று பெற்றோர் தடுக்கின்றனர். மலர் தப்பியது. ஆனால் குழந்தை கற்றது என்ன? காவலாளி இல்லாதபோது பறிக்கலாம் என்பதை அன்றோ!

அச்சத்தால் விலகி நிற்பது ஒழுக்கம் ஆகுமா? சிறு குழந்தைக்குத் தத்துவம் புரியாது, அதட்டலே போதும் என்று சிலர் கருதலாம். அதட்டல் கையைத் தடுக்கும், மனத்தைப் பண்படுத்தாது. 'நமக்குப் பின்னால் வரும் குழந்தையும் இதைப் பார்க்க வேண்டாமா?' என்ற கேள்வியோ குழந்தைக்கும் எளிதில் விளங்கும்.

1760-இல் இந்தத் தோட்டத்தை ஹைதர் அலி தொடங்கினார். திப்பு சுல்தான் வளர்த்தார். அன்று அரசருக்கு உரியதாக இருந்த 'என் தோட்டம்' இன்று 240 ஏக்கர் பரப்பில் அனைவருக்கும் உரியதாக விளங்குகிறது. மரங்களை நட்டவர்களில் பலர் அவற்றின் முழு நிழலைக் கண்டதில்லை. அந்த நிழலில் அமரும் நாம் கடன்பட்டவர்கள்.

பற்றின்றி அனுபவிக்குமாறு ஈசாவாஸ்ய உபநிஷதம் அறிவுறுத்துகிறது. பொதுப் பூங்கா அந்த உபதேசத்திற்கு ஒரு பயிற்சிக்களம். அங்குள்ள எதுவும் நம்முடையதன்று. ஆயினும் நமக்குக் குறையேதும் இல்லை. ஒரு மலரைக் கண்டு மகிழ்ந்து, அதைக் கிளையிலேயே விட்டு வரும் குழந்தை, தியாகத்தின் முதல் பாடத்தைக் கற்றுவிட்டது.