விருந்தினரின் இரவும் வீட்டாரின் இரவும்

இன்பத்தைத் தேடிச் செல்லும் மனிதனைக் குறை கூறுவது எளிது. அதிலும், முற்போக்குச் சிந்தனையுடையோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம்மவரிடையே இப்பழக்கம் சற்று அதிகம். மதுவையும் நடனத்தையும் நள்ளிரவுக் களியாட்டத்தையும் கண்டவுடன் 'முதலாளித்துவச் சீரழிவு' என்று முத்திரை குத்திவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறோம். முத்திரை குத்துவது சிந்திப்பதாகாது. உழைத்துக் களைத்த மனிதனொருவன், தன் நாட்டுக் குளிரையும் மேலதிகாரியின் முகத்தையும் ஓரிரு வாரங்கள் மறந்து, வெப்பமான தீவொன்றின் கடற்கரையிலே இரவிற் பாடியும் ஆடியும் இருக்க விரும்பினால் அதிலே தவறு என்ன? சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பதே தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமையன்றோ! 1936ஆம் ஆண்டிற் பிரான்சின் தொழிலாளர் ஆலைகளை முடக்கி வேலைநிறுத்தஞ் செய்தபின்னரே இரண்டு வார விடுமுறை அங்கே சட்டமாயிற்று. கடற்கரை என்பது கனவான்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை நிலைநாட்டியவர்கள் அவர்கள்.

ஆகவே, கேள்வியை வேறு விதமாகக் கேட்கவேண்டியுள்ளது. ஒருவனுடைய இரவு இன்பமாய் அமைவதற்கு இன்னொருவன் தன் இரவைக் கொடுக்க வேண்டியிருக்குமாயின், அவ்வின்பம் எந்நிலையிற் குற்றமற்றதாகும்?

இக்கேள்வியைக் காற்றிலே வைத்து ஆராய்வதில் எனக்கு விருப்பமில்லை. அதற்கொரு மண் வேண்டும். பாலித் தீவை எடுத்துக்கொள்வோம். நமது நாட்டின் பரப்பிற் பத்திலொரு பங்கும் இல்லாத அத்தீவுக்கு 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ அறுபத்திரண்டு இலட்சம் வெளிநாட்டுப் பிரயாணிகள் சென்றனர். தீவின் சொந்தக் குடிகளோ ஏறக்குறைய நாற்பத்துநான்கு இலட்சம் பேர். அங்கே பிரயாணிக்கு இரவென்பது பலவகைப்பட்ட பண்டம். அந்திப்பொழுதில் உலுவாத்து ஆலயத்தருகே, கடலுக்குமேல் உயர்ந்த பாறை முகட்டில், ஆடவர் பலர் வட்டமாயமர்ந்து 'சக் சக்' என்று ஒலியெழுப்ப நிகழும் கெச்சாக் ஆட்டத்தைப் பார்க்கலாம். பின்னர் ஜிம்பாரன் கடற்கரை மணலில் மெழுகுவர்த்தி ஒளியிற் சுட்ட மீன் உண்ணலாம். அதன்பின் செமிஞாக், சாங்கு ஆகிய இடங்களிலுள்ள கடலோரக் கேளிக்கைக் கூடங்கள். அவையும் போதாதெனின், விடியும்வரை அடங்காத குத்தாவின் லெகியான் வீதி. கையிற் பணமுள்ளவனுக்குப் பொழுது போவதில் அங்கே குறைவில்லை.

இவ்விரவு எங்கிருந்து வந்தது? சானூர்க் கடற்கரைக்குச் சென்றால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும். 1906ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஒல்லாந்தப் படையினர் அக்கரையிலேதான் இறங்கினர். சில நாட்களின்பின், பாடுங் அரசனும் அவனது குடும்பத்தாரும், பெண்களும் சிறுவருமாக, வெண்ணிற ஆடையணிந்து குறுவாள்களுடன் துப்பாக்கிகளின் முன்னே நடந்து சென்று மாண்டனர். இக்கொலை ஐரோப்பாவிலேயே கண்டனத்தை எழுப்பிற்று. தம் முகத்திற் படிந்த கறையைத் துடைக்க விரும்பிய ஒல்லாந்தர், பாலியைப் பேணப்படவேண்டிய கலைத் தீவெனக் காட்டத் தலைப்பட்டனர். இரண்டு தசாப்தங்கள் கழிந்ததும், அரசகுலம் மாண்ட அதே டென்பசார் நகரிலே ஒல்லாந்தக் கப்பற் கம்பனி பாலி ஹோட்டலைத் திறந்து, அதன் முன்றிலிற் பிரயாணிகளுக்கு நடனங் காட்டியது. பின்னர் 1942இல் யப்பானியப் படைகள் அதே சானூரில் இறங்கின. அதே சானூரில், யப்பான் செலுத்திய யுத்த நட்டஈட்டுப் பணத்திலே கட்டப்பட்ட பத்துமாடி பாலி பீச் ஹோட்டல் 1966ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. (நமது நாட்டில் உல்லாசப் பிரயாணச் சபை நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலேதான். அக்காலத்தில் வறிய தீவுகள் அனைத்திற்கும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுக்கப்பட்டது போலும்.)

1966 என்ற ஆண்டிலே சற்றுத் தரித்து நிற்கவேண்டும். அதற்குச் சில மாதங்களின் முன்னர், 1965 டிசெம்பர் முதலாக, பாலித் தீவிற் கம்யூனிஸ்டுகள் என்றும் அவர்தம் ஆதரவாளர் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டோர் வேட்டையாடப்பட்டனர். 1960இல் வந்த நிலச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரிய குத்தகை விவசாயிகளும், தொழிற்சங்கத்தாரும், கிராமப் பாடசாலை ஆசிரியர்களும் அவர்களுள் இருந்தனர். மாண்டோர் தொகை எண்பதினாயிரம் வரையிலென ஆய்வாளர் மதிப்பிடுவர். தீவின் சனத்தொகையில் இருபதில் ஒருவர். ஹோட்டலைத் திறப்பதற்காகவே கொலைகள் நடந்தன என்று சொல்வது வரலாறாகாது. அக்கட்டடம் சுகர்ணோ காலத்தில், வேறு நோக்குடன், முன்னரே தொடங்கப்பட்டது. ஆனால் வேறொன்றைச் சொல்லலாம். கூலியைக் குறித்தும் நிலத்தைக் குறித்தும் பேரம் பேசக்கூடிய வாய்கள் அடைக்கப்பட்ட பின்னரே பிரயாணிகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்கினர். 1969இல் விமான நிலையம் சர்வதேசப் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டது. 'என்றும் புன்னகைக்கும் சாந்தமான மக்கள்' என்று விளம்பரங்கள் எழுதின. அச்சாந்தத்திலே அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பது விளம்பரத்திற்கு வேண்டாத விடயம்.

லெகியான் வீதியில் ஆடும் இளைஞனுக்கு இதெல்லாம் தெரியாதே, தெரியாதவன் எப்படிக் குற்றவாளியாவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவனை நான் குற்றவாளியென்று கூறவில்லை. ஆனால் அறியாமையில் இருவகை உண்டு. தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாதவனின் அறியாமை ஒன்று. தெரியாமலிருப்பதற்கென்றே பணங்கொடுத்து வாங்கும் அறியாமை மற்றொன்று. உல்லாசப் பிரயாணத் தொழில் விற்பனை செய்யும் முதற்பண்டம் இந்த இரண்டாவது வகை அறியாமையே எனலாம். விடுமுறை என்றால் விடயங்களிலிருந்தும் விடுமுறை என அது நமக்குக் கற்பிக்கின்றது.

அறிந்துவிட்டால் மட்டும் போதுமா? அறிந்த பின்னர் அருவருப்புக் கொண்டு களியாட்டத்தையே வெறுப்பது நேர்மையான வழியாகுமா? இங்கேதான் நாம் மிக எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி, சனிக்கிழமை இரவு பதினொரு மணி கழிந்தபின், லெகியான் வீதியில் இரு கேளிக்கை விடுதிகளிலே குண்டுகள் வெடித்தன. இருநூற்றிரண்டு பேர் மாண்டனர். அவர்களுள் எண்பத்தெட்டுப் பேர் அவுஸ்திரேலியர். முப்பத்தெட்டுப் பேர் இந்தோனேசியர். அந்த முப்பத்தெட்டுப் பேருள் வாசலிற் காத்துநின்ற வாடகைக்கார்ச் சாரதிகளும் உள்ளே கோப்பை ஏந்தியவர்களும் இருந்தனர். குண்டு வைத்தோரும் அவ்விரவை ஒழுக்கக்கேடென்றே வைதனர். அந்நியனின் செருக்கு என்றனர்; மண்ணுக்கு இழுக்கு என்றனர். நமது வாயிலிருந்தும் சில வேளைகளில் அதே சொற்கள் வருவதுண்டு. இன்பத்தை வெறுக்கும் ஒழுக்கவாதம் இறுதியில் எவரைக் கொல்கிறது என்பதற்கு அந்த வீதியிலே கல்லிற் பொறித்து நிற்கும் இருநூற்றிரண்டு பெயர்களே சான்று. அன்றியும், அதன்பின் பிரயாணிகள் வராதொழிந்தபோது பட்டினி கிடந்தவர்கள் ஹோட்டல் முதலாளிகளல்லர். 2020இலும் 2021இலும் கொள்ளைநோய் விமானங்களை நிறுத்தியபோது இதே கதை மீண்டும் நடந்தது. பரிசாரகர்களும் அறை துப்புரவு செய்வோரும் கிராமங்களுக்குத் திரும்பி வயலிலும் கடற்பாசிப் பாத்திகளிலும் இறங்கினர். இறங்குவதற்கு வயல் இருந்தவர்கள் பாக்கியசாலிகள்.

இனி நடனத்தைப் பார்ப்போம். பிரயாணிக்காக ஆடப்படும் கெச்சாக் போலியென்றும், கலையை விற்பது இழிவென்றும் பலர் எழுதியுள்ளனர். உண்மை சற்றுச் சிக்கலானது. கெச்சாக் இன்றுள்ள வடிவிலே தொன்மையான சடங்கன்று. சங்யாங் என்ற ஆவேசச் சடங்கின் குரலொலியை எடுத்து, இராமாயணக் கதையோடு இணைத்து, வயான் லிம்பாக் என்ற பாலி நடனக் கலைஞரும் வால்ற்றர் ஸ்பீஸ் என்ற ஜேர்மானிய ஓவியரும் 1930களில் உருவாக்கிய ஆட்டம் அது, பார்வையாளருக்காகவே பிறந்தது. அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை. நமது நாட்டுக் கூத்துங்கூட மேடைக்கு வந்தபோது சுருங்கியும் மாறியுமே வந்தது. விற்பனை என்பதை விடவும், எதை விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை எவர் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாய்ப் படுகிறது. 1971ஆம் ஆண்டிலே பாலியின் அறிஞரும் கலைஞரும் மதகுருமாரும் டென்பசாரிற் கூடி இதையே விவாதித்தனர். ஆலயத்தின் உட்பிரகாரத்துக்குரிய ஆடல்கள், சடங்கைச் சார்ந்த ஆடல்கள், எவரும் கண்டுகளிக்கத்தக்க ஆடல்கள் என மூவகையாய்ப் பிரித்து, முதல்வகை விலைக்கு ஆடப்படலாகாது என வரம்பு கட்டினர். வரம்பு எப்போதும் காக்கப்பட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும், 'இது உனக்கு இல்லை' என்று பணமுள்ளவனைப் பார்த்துச் சொல்ல ஒரு சிறிய சமுதாயம் துணிந்ததே, அது சிறிய காரியமா?

விருந்து என்னுஞ் சொல் பண்டைத் தமிழிற் புதுமையைக் குறித்தது. புதியவனாய் வந்தவனே விருந்தினன். அவன் வீட்டாரின் பொழுதுக்குத் தன் பொழுதை இசைத்துக்கொள்வான்; அவர்கள் உண்ணும்போது உண்பான், உறங்கும்போது உறங்குவான். வீட்டில் இழவு என்றால் வாசலோடு திரும்பிவிடுவான். ஹோட்டலில் 'விருந்தினர்' என்றே அழைக்கப்படுபவனோ தன் பொழுதை வீட்டார்மேற் சுமத்துகிறான். அங்கே வீட்டாரென்று எவருமில்லை, இருப்பவர் வேலையாட்களே. என் பழைய மாணவன் ஒருவன் தென்கரையோரத்து விடுதியொன்றிற் சில ஆண்டுகள் பரிசாரகனாயிருந்தான். ஊருக்கு வந்தபோது அவனிடம் வேலை எப்படியென்று கேட்டேன். "நித்திரை முழிக்கிறது பெரிசில்லை சேர், சிரிச்சுக்கொண்டு முழிக்கிறதுதான் கஷ்டம்" என்றான். உடலுழைப்பை அளக்கும் கோல் நம்மிடம் உண்டு. வாடகைக்கு விடப்பட்ட புன்னகையை அளக்கும் கோலை நமது பொருளியல் நூல்கள் போதிய அளவு தரவில்லை என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

வீட்டாருக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் வலிமை இருக்குமிடத்திலேதான் விருந்தினனின் இன்பம் களங்கமற்றதாகும் என்பது என் கருத்து. பாலியிலே அவ்வாறு சொல்லும் நாளொன்று உண்டு. சக ஆண்டுக் கணக்குப்படி, பெரும்பாலும் மார்ச் மாதத்தில், புத்தாண்டாய் வரும் ஞெப்பி என்னும் மௌன நாள் அது. முதல்நாள் மாலையில் ஓகோ ஓகோ எனப்படும் பூத உருவங்களைத் தீப்பந்தங்களோடும் பேரொலியோடும் வீதிவலங் கொண்டுவருவர். மறுநாட் காலை ஆறு மணி தொடக்கம் இருபத்துநான்கு மணிநேரத்துக்குத் தீ மூட்டலாகாது, வேலை செய்யலாகாது, பிரயாணஞ் செய்யலாகாது, கேளிக்கையில் ஈடுபடலாகாது. விமான நிலையம் மூடப்படும். 2018 முதல் கைத்தொலைபேசி இணையத் தொடர்பும் நிறுத்தப்படுகிறது. பெச்சாலாங் எனப்படும் கிராமக் காவலர் வீதிகளைச் சுற்றி வருவர். நோயாளியையும் பிரசவத்துக்குரிய பெண்ணையுமன்றி எவரையும் வெளியே விடமாட்டார்கள். உலகின் எப்பகுதியிலிருந்து எவ்வளவு பணத்தோடு வந்தவனாயினும் ஹோட்டல் மதிலுக்குள்ளேயே அடங்கியிருத்தல் வேண்டும். லெகியான் வீதி இருண்டு கிடக்கும். பல இலட்சம் டொலர் புரளும் தொழிலொன்று, கிராமச் சபைகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருநாள் முழுவதும் வாய்மூடி நிற்பதை வேறெங்கும் காண்பதரிது. அன்றிரவு நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிகின்றன என்று சென்றுவந்த பிரயாணிகளே வியந்து கூறுவர்.

நான் மதவாதியல்லன், மௌன நாளின் தத்துவத்தை இங்கே பரப்ப வரவுமில்லை. எஞ்சிய இரவுகளில் அவ்வலிமை என்னவாகிறது என்பதே என் கவலை. 2022ஆம் ஆண்டிற் சாங்குப் பகுதியின் கேளிக்கைக் கூடங்கள் விடியும்வரை எழுப்பும் ஓசையால் உறங்க முடியவில்லையென ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு முறையிட்டனர். வருடத்தில் ஒருநாள் முழுத் தீவையும் அடக்கக்கூடிய ஒரு சமுதாயம், ஏனைய நாட்களிலே தன் குழந்தைகள் உறங்குவதற்காக மனு எழுதவேண்டியிருக்கிறது. மரபு தந்த வலிமை அவர்களிடம் எஞ்சியிருக்கிறது. 1965இற் பறிக்கப்பட்ட வலிமை, அதாவது கூலிக்கும் நேரத்துக்கும் வரம்பு கட்டும் வலிமை, அதே அளவுக்குத் திரும்பி வரவில்லை.

இதற்கும் ஞெப்பி நாளிலேயே சாட்சி உண்டு. அன்று வேலை செய்யலாகாது என்பது விதி. ஆயினும் ஹோட்டலுக்குள் அடைபட்டிருக்கும் விருந்தினர் உண்ணவேண்டுமே! ஆகவே ஊழியரிற் சிலர் முதல்நாளே மாற்றுடையோடு வந்து உள்ளே தங்கிவிடுகின்றனர். யன்னல்களுக்குக் கனத்த திரையிட்டு, மங்கிய விளக்கிலே சமைத்து, குரலைத் தாழ்த்திப் பரிமாறுகின்றனர். தீவு முழுவதும் இருளில் ஓய்ந்திருக்கும் அந்த ஒரிரவிலும் அவர்களுக்கு நேரம் பார்த்து முறைமாற வேண்டியிருக்கிறது. மறுநாட் காலை ஆறு மணிக்கு வாயிற்கதவு திறந்ததும் அவர்கள் மோட்டார் சைக்கிளிலேறி ஊருக்குத் திரும்புவர்; அவ்வேளையில் வீடுகளிலே புத்தாண்டின் முதலடுப்பு மூட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.