யார் அத்துமீறியது?

'ஊருக்குள் யானைகள் அத்துமீறல்' என்று பேப்பரில் போடுகிறார்கள். நமக்குப் பழக்கமான வார்த்தைதான். கோயில் தெருவில் நடந்தவனையும் பொதுக்கிணற்றில் இறங்கினவளையும் இதைச் சொல்லித்தானே விரட்டினாங்க.

1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் சித்தூர் மாவட்டத்துக்குள் இறங்கியது. பல தலைமுறையாக யானையே இல்லாத பூமி அது. காடு துண்டானதும் வறட்சியும் சேர்ந்து துரத்தின. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. சித்தூரிலிருந்து திருத்தணியைப் பிரித்து 1960இல் போட்ட எல்லைக்கோடெல்லாம் யானைக்கு ஏது? அதுக்குத் தெரிந்தது தண்ணியும் தடமும்.

வடதுருவத்தில் பனிமேல் மழை பெய்து உறைந்தால், அடியிலிருக்கிற தீனி எட்டாமல் கரிபூ மான்கள் பட்டினி கிடக்கின்றன. இங்கே மழை பொய்த்தால் கூட்டம் கரும்புக்கு வருகிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அனாதையாயின.

அதுக்காக யானைப் பக்கம் மட்டும் நின்றுவிட முடியுமா? இருட்டோடு கூலிக்குப் போய் மிதிபடுகிறவன் மிராசுதார் இல்லையே. காட்டைக் காக்கணும் என்றதும் இருளர் குடிசைதான் முதலில் கண்ணில் படுகிறது, 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும். மாரண்டஅள்ளியில் வேலி போட்ட விவசாயி உடனே கைதானார். நீலகிரி சீகூர் வழித்தடத்தை மறித்த சொகுசு விடுதிகள் விஷயத்தில் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் சொன்னதை உச்சநீதிமன்றம் உறுதிசெய்ய 2020 ஆனது. அந்த ஒன்பது வருஷமும் யானை சுற்றித்தான் போச்சு.