முளைக்காத விதைகள்

அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டியிருக்கிறது டுமமோக் குன்று. குளிர்கால மழைக்கு முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, கோடைக்குள் மடிந்துவிடும் சிறு செடிகள் அங்கே ஏராளம். மழை எவ்வளவு நன்றாகப் பெய்தாலும் மண்ணில் உள்ள விதைகள் எல்லாம் முளைப்பதில்லை. ஒரு பங்கு எழும். மிச்சம் ஈரத்திலேயே உறங்கும்.

ஏன்?

1966இல் இஸ்ரேலின் டான் கோஹன் இதைக் கணக்காக்கினார். நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முளைத்த விதை ஒன்று நல்ல ஆண்டில் 4 விதை தரும். வறண்ட ஆண்டில் ஒன்றும் தராது. இரண்டு ஆண்டுகளுக்கும் சம வாய்ப்பு. மண்ணில் கிடப்பது கெடாது என்று வைத்துக்கொள்வோம். கையில் 300 விதை.

எல்லாம் முளைத்தால் நல்ல ஆண்டில் 1200. அடுத்து ஒரு வறட்சி: பூஜ்யம். பாதி முளைத்தால் 750, வறட்சிக்குப் பின் 375. மூன்றில் ஒரு பங்கு மட்டும் முளைத்தால் 600, பிறகு 400. இதுதான் உச்சம், இதற்குமேல் குறைத்தாலும் நட்டமே.

கூட்டுச் சராசரியைக் கேட்டால் 'எல்லாம் முளைக்கட்டும்' என்றுதான் சொல்லும்: ஆண்டுக்கு இரு மடங்கு! ஆனால் தலைமுறைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. பெருக்கலில் ஒரு பூஜ்யம் நுழைந்தால் முந்தைய செழிப்பெல்லாம் கணக்கில் வராது. நல்ல ஆண்டில் மட்டும் வந்து பார்ப்பவருக்கு உறங்கும் விதை சோம்பேறி. என் கணக்கில் அது வம்சத்தின் காவல்.

வானிலையை முன்னறியாத செடி, விதைகளைப் பிரித்துப் பந்தயம் கட்டுகிறது. டுமமோக்கில் பல்லாண்டு இச்செடிகளை எண்ணிப் பார்த்த லாரன்ஸ் வெனபிள் 2007இல் எழுதினார்: எந்த இனத்தின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் தடுமாறுகிறதோ, அதில் முளைக்கும் பங்கு குறைவு.

(உறங்கித் தப்பும் வித்தை விதைகளுக்கு மட்டும் உரியதல்ல. 1944இல் ஜோசப் பிகர் பெனிசிலினில் சாகாமல் தப்பிய சில பாக்டீரியாக்களைக் கண்டார். அவற்றின் சந்ததி வழக்கம்போல மருந்துக்குச் செத்தது. எதிர்ப்புச் சக்தி அல்ல. வளராமல் கிடந்ததால் தப்பியவை.)

உறக்கத்துக்கும் செலவு உண்டு. எறும்பும் எலியும் தின்னும், பூஞ்சை பிடிக்கும். அந்த இழப்பு கூடக் கூட, முளைப்பதே லாபம் என்ற பக்கம் கணக்கு சாயும்.

ஐயமிருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். இழப்பே இல்லை என்று வைத்து, 4க்குப் பதில் 100 எழுதுங்கள். அப்போதும் பாதிக்கு மேல் முளைக்கவிட்டால் நட்டம்தான்.